பூச்சியத்தில் தொடங்கும் பசி

கண் வைத்தியர் என்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினார். மூன்று தடவையும் காரணம் ஒன்றுதான். கண்புரை முற்றிவிட்டது, எடுத்துவிட்டு வில்லை வைக்கலாம், ஆனால் இரத்தத்தில் இவ்வளவு சீனி இருக்கும்போது கத்தி வைக்க ஏலாது என்றார். முதல் தடவை அப்படிச் சொன்ன அன்று நான் துறைமுகத்துக்கு மேலிருக்கும் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். முச்சந்தியிலிருந்து என் வீட்டுப் படலை வரை ஆயிரத்து எண்ணூற்று நாற்பது எட்டு. முன்பு அதே தூரம் ஆயிரத்து அறுநூறு சொச்சம். கண் மங்க மங்க எட்டுக் குறுகிக்கொண்டு வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

எனக்கு இருப்பதே ஒரு கண். இடது கண் பள்ளிக்கூட நாளில் பந்து பட்டுப் பழுதாகிவிட்டது. வலது கண்ணும் போனால் எழுபத்து நான்கு வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதை நினைத்தால் கவலை பிடித்துக்கொள்ளும். கவலை பிடித்தால் சாப்பிடுவேன் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். அது எவ்வளவு பிழையான எண்ணம் என்பதைத்தான் எழுத வந்தேன்.

எண்ணுவது எனக்குத் தொழில். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கடல்மட்டம் எழுதினேன். இறங்குதுறையின் ஓரத்தில் அளவு குறித்த கம்பம் ஒன்று நிற்கும். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போய், அலை தூக்குவதையும் தாழ்வதையும் பொறுத்திருந்து பார்த்து, நடுமட்டத்தைப் புத்தகத்தில் பதிய வேண்டும். நேரம், மட்டம், காற்று, குறிப்பு என்று நான்கு நிரல். எங்கள் கடல் அதிகம் ஏறி இறங்குவதில்லை. பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் முழங்காலளவு வித்தியாசம்கூட வராது. அதனால் கவனம் கூடுதலாக வேண்டும். ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. படி, தேங்காய், மாத்திரை, துறைமுகத்துக்குள் நிற்கும் கப்பல், மனைவியின் பெருமூச்சு, எல்லாவற்றையும் எண்ணுகிறேன். கவலைப்படுகிறவனுக்கு எண்ணிக்கை ஒரு கைப்பிடி.

ஆனால் எந்த வைத்தியருக்கும் சொல்லாத ஓர் எண்ணிக்கை என்னிடம் இருந்தது. ஒரு பின்னேரத்தில், மனைவி கோயிலுக்குப் போயிருந்த முப்பத்தைந்து நிமிடத்துக்குள், நான் அரை இறாத்தல் பாண், ஒரு டின் பால், இருபத்திரண்டு பிஸ்கட், இரண்டு கதலி வாழைப்பழம், மிச்சமிருந்த வறுத்த கச்சான் கடலை எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தேன். அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் சோறும் சூடை மீன் குழம்பும் சாப்பிட்டிருந்தேன். பசி என்பதே இல்லை. நான்காவது துண்டுப் பாணுக்குப் பிறகு ருசியும் இல்லை. டின் பாலின் இனிப்புக்கூட ஈரமாக மட்டும் நாக்கில் பட்டது. கை போய் வந்துகொண்டிருந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரனின் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்கம் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு திகைப்பு இருந்தது. பசியில்லாமல், ருசியில்லாமல், விருப்பம்கூட இல்லாமல் ஒரு மனிதன் எப்படி இவ்வளவு மும்முரமாகச் சாப்பிடுகிறான்? முப்பத்தொரு வருடம் பார்த்த கடலில் காரணமில்லாத ஏற்றம் ஒன்றை நான் கண்டதில்லை. என் வீட்டுக் குசினியில், என் உடம்பில் அதைக் கண்டேன்.

ஒளிக்கவும் பழகியிருந்தேன். வேலையை விட்டு வரும்போது கடல் வரைபடம் சுருட்டி வைக்கும் பழைய தகரக் குழாய் ஒன்றை எனக்குத் தந்திருந்தார்கள். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் அது நின்றது. பிஸ்கட் பக்கற்றை நெடுக்காக இறக்கினால் ஒன்பது கொள்ளும். மேலே ஒரு வரைபடத்தைச் சுருட்டிச் செருகிவிட்டால் ஆருக்கும் சந்தேகம் வராது. மனைவி கிழமைக்கொருக்கால் அதன் மூடியைத் துடைத்து வைப்பாள்.

எங்களுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் எந்திரப் பகுதியில் வேலை. கப்பல் கரையை அண்டினால்தான் அவன் கைபேசியில் அழைப்பான். சில வேளை ஐந்து நாளில் வரும். சில வேளை பதினைந்து நாளாகும். கூடத்துக் கலண்டரில் நான் அந்த நாட்களை எழுதி வைப்பேன். அவன் கதைத்த நாளில் பூச்சியம். அடுத்த நாள் ஒன்று, அதற்கடுத்த நாள் இரண்டு. எண் இரண்டு இலக்கமாகும்போது நான் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களைக் கூடுதலாகப் பார்ப்பேன், அவற்றுக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று தெரிந்தும். அழைப்பு வந்தால் இருவரும் கைபேசியின் முன்னால் தலையை ஒட்டிக்கொண்டு கதைப்போம்.

"அப்பா, உடம்பு எப்பிடி?"

"எனக்கென்ன, நல்லாயிருக்கிறன். நீ சாப்பிட்டியா?"

கண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொன்னதில்லை. மனைவியையும் சொல்ல விட்டதில்லை. கடலில் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு இது என்பது என் எண்ணம்.

இரண்டாம் தடவையும் வைத்தியர் திருப்பி அனுப்பியபோது, நான் என்னைத் திருத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். சாப்பாடுதானே வருத்தத்துக்குக் காரணம், அப்படியானால் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் சரி. கந்தசஷ்டி வந்துகொண்டிருந்தது. மனைவி ஒவ்வொரு வருடமும் பிடிக்கிற விரதம். ஆறு நாளும் அவள் தண்ணீரோடும் பின்னேரம் ஒரு கோப்பைப் பாலோடும் இருப்பாள். நான் கோயில் வாசலோடு நிற்கிற ஆள். அந்த வருடம், "நானும் பிடிக்கப் போறன்" என்றேன்.

மனைவி உலக்கையைக் கீழே வைத்தாள். மிளகாய்த் தூள் இடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர், நீங்களோ?"

"ஏன், நான் பிடிச்சால் முருகன் வேண்டாமெண்டு சொல்லுவாரோ?"

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியதை மிளகாயின் மேல் போட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். மகனுக்காக நான் பிடிக்கிறேன் என்று அவள் விளங்கிக்கொண்டாள். நான் அதைத் திருத்தவில்லை. கோயிலிலும் அப்படித்தான். "ஐயாவும் இந்த முறை விரதமாம். பிள்ளை கடலில எல்லோ" என்று ஆட்கள் கதைத்தார்கள். வழமையாக எனக்கு இடம் விடாதவர்கள் தூணோடு சாய்ந்திருக்க இடம் விட்டார்கள். மூன்றாம் நாள் எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது. பசி வரவே இல்லை. தலை மட்டும் இலேசாகிக் காற்றில் நின்றது. தினமும் காலையில் நிறுவைத் தராசில் ஏறினேன். நான்கு இறாத்தல் குறைந்திருந்தது.

ஏழாம் நாள் காலை பாறணை. விரதம் முடித்து உண்கிற சாப்பாடு. மனைவி விடியப்புறமே முழுகிச் சமைத்திருந்தாள். சோறு, பருப்பு, அகத்திக்கீரை, வாழைக்காய், பூசணி, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயசம். அவள் ஓர் அகப்பைச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று எழும்பினாள். நான் எழும்பவில்லை. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். அது பாறணைதானே, ஆரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னேரம் குழாயின் மூடியைத் திறந்தேன். அடுத்த நாளும் திறந்தேன். ஒன்பது நாள். ஆறு நாள் அடைத்து வைத்த மதகைத் திறந்ததுபோல இருந்தது. குழாய் காலியானதும் கடைக்குப் போய் நிரப்பி வந்தேன். குறைந்த நான்கு இறாத்தலும் வந்து, மேலும் மூன்று வந்தது. கண் வைத்தியர் மூன்றாம் தடவை திருப்பி அனுப்பினார். இந்த முறை அவர் என்னைப் பார்க்கவில்லை, கடுதாசியைப் பார்த்துச் சொன்னார்: "இதுதான் கடைசியாக நல்லாயிருக்கிற கண். விளங்குதுதானே?"

அந்தக் கடுதாசியோடு சீனி வருத்தக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே கிண்ணியாவிலிருந்து வருகிற தாதி ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே என் அறிக்கையைப் பார்த்தார்.

"என்ன ஐயா, இது ரத்தமா, சீனிப் பாணியா?"

"ஆறு நாள் விரதம் பிடிச்சனான், மிஸ்."

"மாத்திரையையும் போட்டுக்கொண்டா?"

"ஓம்."

"நீங்க மயங்கி விழாதது உங்கட முருகன்ட வேலை. சரி, ஏழாம் நாள்?"

"பாறணை."

"பாறணை எத்தனை நாள் நடந்த?"

இப்படி ஆரும் என்னிடம் கேட்டதில்லை. வாங்கில் எனக்குப் பின்னால் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "ஒன்பது" என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இல்லை. "எங்கட ஆக்கள்லயும் இருக்காங்க. என்ட மாமா ஒருத்தர், பகல் முழுக்க நோன்பு. நோன்பு திறந்தா வாய மூடமாட்டார். பெருநாள் வாறதுக்குள்ள சாரம் இடுப்புக்குப் பத்தாது." பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த ஒன்பது நாளும் வயிறா கேட்ட?"

"இல்லை."

"அப்ப ஆர் கேட்ட?"

எழுபத்து நான்கு வருடம் ஒரு வயிற்றோடு இருந்திருக்கிறேன், அது கேட்டதா இல்லையா என்று ஒருநாளும் நான் விசாரித்ததில்லை.

நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப எழுதுற ஆள். நல்லதாப் போச்சு. ஒரு கொப்பி எடுத்து எழுதுங்க. எத்தனை பிஸ்கட் சாப்பிட்ட எண்டு எனக்கு வேணாம். அதுக்கு முன்னுக்கு என்ன நடந்த, ஆரோட கதைச்ச, உடம்பு எப்பிடி இருந்த, அத எழுதுங்க. சாப்பிடாத நாளையும் எழுதுங்க. அதான் முக்கியம்."

"எண்ணாமல் எப்பிடி, மிஸ்?"

"எண்ணித்தானே ஐயா இவ்வளவு நாளும் பாத்தீங்க."

வீட்டுக்கு வந்து பழைய முறையிலேயே நான்கு நிரல் போட்டேன். நேரம், முன்னர் நடந்தது, உடம்பு, குறிப்பு. கண் தெரியாதபடியால் தடித்த பேனையால் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். விரதம் வேண்டாம், மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். அதையும் செய்தேன். நாற்பத்திரண்டு நாள் எழுதினேன். ஆறு கிழமைக்குப் பிறகு வாசித்துப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் என் முட்டாள்தனம் தெரிந்தது. நான் எழுதியதை என்னால் வாசிக்க ஏலாது. தடித்த எழுத்தும் ஒன்றோடொன்று ஊறி மை கொட்டிய மாதிரித் தெரிந்தது.

வீட்டில் இன்னொரு சோடிக் கண்தான் இருந்தது. அந்தக் கண்ணுக்கு இந்தக் கொப்பியைக் கொடுத்தால் குழாய் வெளியே வரும், டின் பால் வெளியே வரும், எல்லாம் வெளியே வரும். இரண்டு நாள் யோசித்தேன். கொப்பியைக் கொடுக்காவிட்டால் காரணம் தெரியாது. காரணம் தெரியாவிட்டால் சீனி இறங்காது. சீனி இறங்காவிட்டால் கண் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "இஞ்சேர், இதை ஒருக்கால் வாசி" என்றேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை யன்னலுக்குக் கிட்ட இழுத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூண்டாம் நாள். நேரம், மூண்டு இருபது. முன்னர் நடந்தது, கைபேசி, மகன். நல்லாயிருக்கிறான். உடம்பு, கை குளிர், நெஞ்சுக்குக் கீழே பள்ளம். குறிப்பு..." அவள் நிறுத்தினாள். "பாண், டின் பால். குழாயிலிருந்து பிஸ்கட்." மீண்டும் நிறுத்தினாள். "எந்தக் குழாய்?"

நான் கையால் காட்டினேன். அவள் எழும்பிப் போய் மூடியைத் திறந்து, வரைபடத்தை உருவிவிட்டு உள்ளே கையை விட்டாள். ஒரு பக்கற்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கிழமைக் கிழமை நான் இதைத் துடைச்சனான்" என்றாள். அவ்வளவுதான். பிறகு கதிரையில் இருந்து தொடர்ந்து வாசித்தாள். நாற்பத்திரண்டு பக்கமும். ஏச்சை எதிர்பார்த்திருந்த எனக்கு அந்த ஒரே சீரான குரல் தாங்க ஏலாமல் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு, விரலை மடித்துப் பக்கங்களைத் திரும்பப் புரட்டினாள். வழமையாக அது என் வேலை.

"ஏழு தரம் சாப்பிட்டிருக்கிறீங்கள்."

"ஓம்."

"ஒருக்கால் தண்ணி மோட்டருக்காக என்னோட சண்டை பிடிச்ச நாள். ஒருக்கால் காரணமில்லை. மிச்சம் அஞ்சும் அவன் கதைச்ச நாள்."

"அப்பிடி இருக்காது. நீ கோயிலுக்குப் போற நாளில்தான் நான் தனிய..."

"செவ்வாயும் வெள்ளியும் போறன்தானே. அந்த நாளில ஒண்டும் இல்லை. அவன் கதைச்சு முடிய நான் கோயிலுக்கு விளக்கேத்தப் போறன். அண்டைக்கு மட்டும்தான் நீங்கள் சாப்பிட்டது." அவள் கலண்டரைக் கழற்றி எடுத்து வந்தாள். "இந்தா, இந்தப் பதின்மூண்டு நாள் அவன் கதைக்கேல்லை. நீங்கள் ஒரு பிஸ்கட்டும் தொடேல்லை. பதினாலாம் நாள் கதைச்சான். பூச்சியம் போட்டிருக்கிறீங்கள். அண்டைக்குப் பின்னேரம் முழுப் பாண்."

நான் கலண்டரைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். எண்கள் தெரியவில்லை. தனியே நின்ற பூச்சியங்கள் மட்டும் வட்டம் என்பதால் தெரிந்தன. ஐந்து வட்டம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் மேலதிகாரி ஒரு வேலை தந்தார். நான் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எழுதிய மட்டங்களைக் கட்டத்தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்து இணைக்கச் சொன்னார். இணைத்தபோது ஒரு கோடு ஏறி இறங்கி வளைந்து வந்தது. முழுநிலவுக்கும் அமாவாசைக்கும் அது அகன்றது, இடையில் சுருங்கியது. எழுதும்போது நான் நிலவைப் பார்த்ததே இல்லை. என் கண் கம்பத்திலும் தண்ணீரிலும் மட்டும் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் நிலவு இருந்தது. இத்தனை தூரத்திலிருந்து அது இழுத்துக்கொண்டிருந்தது, இத்தனை நாளும் நான் குனிந்தபடி அதை எழுதிக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பத்தைந்து வருடம் போய்விட்டது. அந்தக் கலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அதே சிலிர்ப்பு திரும்ப வந்தது.

கவலை வந்தால் சாப்பிடுகிறேன் என்று நினைத்திருந்தேன். கவலைப்பட்ட நாட்களில் நான் சாப்பிடவே இல்லை. காத்திருக்கிற நாட்களில் நான் இழுத்துக் கட்டிய கயிறு. எண்ணிக்கை என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அழைப்பு வந்ததும் கட்டு அவிழும். அவன் உயிரோடு இருக்கிறான், சாப்பிட்டான், சிரித்தான். நானும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுவேன். பிறகு திரை இருண்டுவிடும். கலண்டரில் பூச்சியத்தைப் போட வேண்டும். நாளைக்கு ஒன்று என்று முதலிலிருந்து எண்ண வேண்டும். அந்தப் பூச்சியத்துக்குள்தான் பாணும் பாலும் போய்க்கொண்டிருந்தன.

நான் இதைச் சொன்னபோது மனைவி கலண்டரைக் கொண்டுபோய்த் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

"நான் அவன் கதைச்ச நாளில இரவைக்குச் சாப்பிடுறேல்லை" என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"அவன் முதல் கப்பலில ஏறின நாள் தொடக்கம். ஒரு நேர்த்தி. குரல் கேட்ட நாளில ஒரு நேரச் சாப்பாட்டை விடுறதெண்டு."

ஒன்பது வருடம். நான் நம்பவில்லை. அவள் சொன்னாள்: "கறி அகப்பையைக்கூட எண்ணுற மனிசன் நீங்கள். என்ர தட்டை எண்ணேல்லை."

அந்த நாட்களில் என் வயிறு நிறைந்து முட்டிக்கொண்டிருக்கும். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரத்தோடு படுத்துவிடுவேன். அவள் சாப்பிட்டாளா என்று நான் எங்கே பார்த்தேன். ஒரே அழைப்புக்கு ஒரே வீட்டில் ஒருத்தி பட்டினி கிடந்தாள், ஒருத்தன் வெடிக்க வெடிக்கத் தின்றான். இருவருக்கும் ஒரே பயம். இடையில் ஒரு சுவர்கூட இல்லை.

அந்த நிலையில் பொய்யை வைத்திருக்க மனம் வரவில்லை. "கந்தசஷ்டி நான் அவனுக்காகப் பிடிக்கேல்லை. சீனி இறங்கட்டும் எண்டுதான் பிடிச்சனான்" என்றேன்.

"தெரியும்."

"எப்பிடி?"

"விரதகாரர் விடியக்காலமை தராசில ஏறிப் பாக்கிறேல்லை" என்றாள். "முருகனுக்கும் தெரிஞ்சிருக்கும். அவரும் பேசாமல்தானே இருந்தவர்."

அதன் பிறகு வந்த அழைப்பை நான் மறக்க மாட்டேன். கதைத்து முடிந்ததும் அவள் கோயிலுக்கு வெளிக்கிடவில்லை. இரண்டு கதிரையை யன்னலடியில் போட்டோம். கீழே உள்துறைமுகம் எனக்குச் சாம்பல் நிறப் பரப்பாகத் தெரிந்தது. அவன் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து கதைத்தோம். குரல் அடைத்திருந்ததே, தடிமன் சளியோ. பின்னால் சிரித்தது ஆர். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அது வந்தது. முதலில் உள்ளங்கை குளிர்ந்தது. பிறகு நெஞ்சுக்குக் கீழே அந்தப் பள்ளம். வாய் ஊறியது. கால் இரண்டும் அலுமாரிப் பக்கம் போக நின்றன. "வருது" என்றேன். "வரட்டும், இருங்கோ" என்றாள். மணிக்கூட்டைப் பார்த்து அவள் நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் ஏறியது. பதினைந்தில் இன்னும் ஏறியது. இதற்கு முடிவே இல்லை, உடம்பு வெடித்துவிடும் என்று தோன்றியது. பெருக்கு முற்றினால் தண்ணீர் ஏறாமலும் இறங்காமலும் கம்பத்தில் சும்மா நிற்கும் ஒரு நேரம் இருக்கிறது. அப்படி நின்றது. இருபத்தாறாவது நிமிடத்தில் இறங்கத் தொடங்கியது.

நான் ஒன்றும் செய்யவில்லை. அதை அடக்கவில்லை, துரத்தவில்லை. கதிரையில் இருந்தேன், அது போய்விட்டது. கடல் இறங்குவதை ஆயிரக்கணக்கான தடவை எழுதியவன் நான். ஏறியது இறங்கும் என்பது எனக்குத் தெரியாத செய்தி அல்ல. அது என் நெஞ்சுக்குக் கீழேயும் நடக்கும் என்று தெரிய எழுபத்து நான்கு வருடம் எடுத்தது. கையைப் பார்த்தேன். அது என் கையாகவே இருந்தது. அன்று பின்னேரம் ஆறரைக்கு எனக்குப் பசித்தது. வயிற்றில் சின்னதாக ஒரு கிள்ளல். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஊர் திரும்பிய ஆளைப்போல அதை நான் அடையாளம் கண்டேன். இரண்டு இடியப்பம் சாப்பிட்டேன். தேங்காய்ச் சம்பலில் உப்பு ஒரு கல் கூடுதல் என்பதுகூடத் தெரிந்தது.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. பிறகும் இரண்டு தடவை விழுந்தேன். ஒரு தடவை மனைவி தங்கையின் வீட்டுக்கு உப்புவெளிக்குப் போயிருந்தபோது. மற்றத் தடவை அவள் வீட்டில் இருக்கும்போதே, அவள் கண் முன்னாலேயே. அவள் தடுக்கவில்லை. கொப்பியை எடுத்து நீட்டினாள். தாதியிடம் அதைக் காட்டியபோது, "ரெண்டுதானா? என்ட மாமாவுக்குச் சொல்லோணும்" என்றார்.

மகனிடம் கண்ணைப் பற்றிச் சொன்னது அதற்கும் பிறகு. சொல்லாமல் கதைத்து முடித்த நாட்களில் அந்தப் பெருக்கு கூடுதல் உயரம் ஏறுவதைக் கொப்பி காட்டியது. ஆகவே சொன்னேன்.

"எத்தனை தரம் அப்பா என்னட்டை நல்லாயிருக்கிறன் எண்டு பொய் சொன்னீங்கள்?"

"பதினேழு."

"எண்ணி வச்சிருக்கிறார்" என்று ஆருக்கோ சொல்லிச் சிரித்தான். சிரித்து முடிக்கும்போது குரல் உடைந்திருந்தது. அன்று யன்னலடியில் பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டது.

நான்காவது தடவை கண் வைத்தியர் கடுதாசியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திகதி தந்தார். சத்திரசிகிச்சை நான் பயந்த அளவுக்கு இல்லை. அடுத்த நாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் வெளிச்சம். பிறகு நீலம். ஆஸ்பத்திரிச் சுவர் நீலம் என்றே நான் அறிந்திருக்கவில்லை. யன்னல் கம்பிகளை எண்ணினேன், எட்டு. வெளியே வேப்பிலை ஒவ்வொன்றுக்கும் பல் இருந்தது. இதெல்லாம் இத்தனை நாளும் இப்படியே இருந்ததா என்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மனைவி உள்ளே வந்தாள்.

நான் அவளை நாலைந்து வருடமாக ஒரு குரலாகவும் ஒரு சேலையின் நிறமாகவும்தான் பார்த்திருக்கிறேன். அவளுடைய கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. கன்னம் உள்ளே போயிருந்தது. மணிக்கட்டில் காப்பு முழங்கைப் பக்கம் வரை வழுகியது. தாலிக்கொடி விழும் இடத்தில் நெஞ்செலும்புகள் தெரிந்தன. எண்ண முடிந்தது. எண்ணவில்லை.

"என்ன, ஆளை அடையாளம் தெரியேல்லையோ?" என்றாள்.

"தெரியுது" என்றேன்.

கட்டு அவிழ்த்த நான்காம் நாள் மகன் அழைத்தான். திரையில் அவனுடைய தாடியில் நரை இருப்பதைக் கண்டேன். கதைத்து முடிந்ததும் வழமைபோல யன்னலடியில் இருந்தோம். துறைமுகத்துக்குள் மூன்று கப்பல் நின்றன. மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. இந்த முறை நெஞ்சுக்குக் கீழே வந்தது அவளைப் பற்றிய பயம். அதையும் அவளிடம் சொன்னேன்.

"நேர்த்தியை விடச் சொல்லுறீங்களோ?"

"நேர்த்தியை விடாதை. சாப்பாட்டை விடாமல் வேற என்னவும் செய். அவன் கதைச்ச நாளில விளக்கை ரெண்டாய் ஏத்து. நானும் வாறன்."

இருள முன்னர் அவள் குசினியில் எனக்குப் பிட்டும் முருங்கைக்காய்க் குழம்பும் போட்டாள். நான் எழும்பிப் போய் இன்னொரு தட்டை எடுத்து, என் தட்டிலிருந்த பிட்டில் பாதியை அதில் தள்ளி அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள். நான் என் தட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தேன்.

"எண்ணுறீங்களோ?" என்றாள் நிமிராமல்.

"இல்லை."

"பொய் சொல்லாதேங்கோ."

"பதினொண்டு" என்றேன்.

அவள் பன்னிரண்டாவது வாயை எடுத்தாள்.